மீனுக்கு ஒண்டு, எனக்கு மூணு

மடவை மீன் தொட்டிக்குள் முட்டை விடாது. வேறு எல்லாம் செய்யும். நன்றாகத் தின்னும், கொழுக்கும், தீனி வாளியின் சத்தம் கேட்டால் ஓரத்துக்கு வந்து வாயைத் திறக்கும். மழைக்காலம் பிறந்ததும் பெண்மீனின் வயிற்றில் முட்டையும் நிரம்பும். ஒன்றரைக் கிலோ மீனுக்குள் பத்து இலட்சம் முட்டை இருக்கும். அதன்பிறகு ஒன்றும் நடக்காது. கடலோரக் களப்பில் திரிந்திருந்தால் அந்த நாட்களில் கூட்டமாகச் சேர்ந்து, முகத்துவாரம் தாண்டி, ஆழக்கடலில் எங்கேயோ முட்டை விட்டிருக்கும். தொட்டியிலோ சுற்றிச் சுற்றி நீந்தும். பருவம் முடிந்ததும் அந்தப் பத்து இலட்சத்தையும் உடம்பே கரைத்து உள்ளுக்கு எடுத்துவிடும்.

2016ஆம் ஆண்டு மார்கழியில், நுரைச்சோலைக்கு வடக்கே களப்போரமாக இருந்த ஒரு சின்ன மீன்குஞ்சுப் பண்ணையில், அந்த முட்டைகளை வெளியே கொண்டுவருவதுதான் என் வேலை. எட்டுத் தொட்டிகள், ஒரு ஆய்வறை, அடிக்கடி நின்றுபோகும் ஒரு தண்ணீர்ப் பம்பு, மூன்று பேர். நான் யூஜீனியா, விலங்கியல் படித்தவள் என்பதால் எல்லோருக்கும் ‘மிஸ்’. தொட்டிகளுக்குப் பொறுப்பு பீற்றர் அண்ணன், கற்பிட்டியில் நாற்பது வருடம் வலை இழுத்தவர். தீனிக்கும் பதிவுப் புத்தகத்துக்கும் ரம்ஸியா.

ரம்ஸியாவுக்கு இருபத்தாறு வயது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். அவள் பிறந்தது புத்தளத்து முகாமில். பாலாவி உப்பளத்தில் மடை பார்க்கும் இப்ஹாமைக் கட்டி நான்கு வருடம். பிள்ளை இல்லை. அந்தக் கவலையை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் மாதத்துக்கு ஒருமுறை அது எங்களுக்குத் தெரியும். தீனி உறைபெட்டிக்கு மேலே அவளுடைய தொழுகைப் பாய் மடித்து இருக்கும். ளுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு அதைக் களஞ்சிய அறையில் விரிப்பாள். மாதத்தில் ஐந்தாறு நாள், மாதவிலக்கால் தொழுகை இல்லாத அந்த நாட்களில், பாய் மடித்தபடியே கிடக்கும். அன்றெல்லாம் அவள் கண்கள் சிவந்திருக்கும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். தேநீர் மட்டும் இரண்டு கோப்பையாக ஊற்றுவேன்.

மாசியில் வேலைக்கு வந்த முதல் வாரம் அவள் தினமும் வாந்தி எடுத்தாள். தீனிக்காகக் கணவாய்த் தலையையும் காரல், சூடை மீன்களையும் இயந்திரத்தில் அரைத்து, மீனெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடிக்க வேண்டும். அந்த மணம் தலைமயிருக்குள் போய்க் குடியிருக்கும். இரண்டாவது வாரம் சத்தி நின்றுவிட்டது.

“எப்படிச் சமாளிச்சாய்?” என்று கேட்டேன்.

“பார்மஸியில ஒரு குளிசை தந்தாங்க மிஸ். போட்டிட்டு வந்தா வயிறு ஒண்டும் சொல்லாது.”

நல்லது என்றேன். என்ன குளிசை என்று கேட்கவில்லை. மீனுக்குப் போடும் மருந்துக் குப்பியின் சீட்டை எழுத்தெழுத்தாக வாசிப்பவள் நான். அன்று கேட்கவில்லை.

ஆவணிக்குப் பிறகு தொழுகைப் பாய் ஒரு நாளும் ஓய்வெடுக்கவில்லை. அதையும் கண்டேன். கண்டதை யோசிக்கவில்லை.

மார்கழி முதல் வாரம் ஆண்மீன்களோடு விட்டிருந்த மூன்று பெண்மீன்களுக்கு ஊசி போட்டோம். மூளை அனுப்பும் ஹோர்மோனின் நகல் அது. முட்டையை முற்ற வைத்து வெளியே விடச் சொல்லும் கட்டளை. இரண்டு நாள் காத்திருந்தோம். ஒரு முட்டைகூட வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு மீன் செத்து மிதந்தது.

“சும்மா எறியாதீங்க பீற்றர் அண்ணன், தலையைத் திறப்போம்” என்றேன்.

அவர் மண்டையோட்டைக் கத்தியால் சீவிக் கொடுத்தார். மூளையை மெல்ல நிமிர்த்தினால், அதன் அடியில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய ஒரு வெள்ளைப் பொட்டு. பிட்யூட்டரி. ரம்ஸியா குனிந்து பூதக்கண்ணாடியால் பார்த்தாள்.

“இந்தச் சாமானா மிஸ் முழு உடம்புக்கும் சொல்லுறது?”

“முட்டைக்கு, பாலுக்கு, வளர்றதுக்கு, எல்லாத்துக்கும். எங்களுக்கும் இருக்கு. மூக்குக்கு நேர பின்னால, மூளைக்குக் கீழ, ஒரு கடலை அளவில.”

“எனக்கு அது வேற இடத்தில மிஸ்” என்றார் பீற்றர் அண்ணன். “என்ட மனுசிட தலைக்குள்ள. அங்கயிருந்துதான் எனக்குக் கட்டளை வாறது.”

ரம்ஸியா சிரித்தாலும் பூதக்கண்ணாடியை விடவில்லை. “நாங்க ஊசியில போட்டது இதுக்குள்ள போகல்லையா?”

“போச்சு. ஆனா கலத்துக்குள்ள போகத் தேவையில்ல. வெளிச்சுவரில ஒரு கதவு மாதிரி இருக்கு. அதில தட்டினாப் போதும்.”

“உள்ள போகாம எப்படி வேலை நடக்கும்?”

“சுவருக்கு உள்பக்கம் ஒரு புரதம் காத்துக்கொண்டு நிக்கும். கதவில தட்டுப்பட்ட உடனே அது ஓடிப்போய் உள்ளுக்கு அறிவிக்கும்.”

அவள் நிமிர்ந்தாள். “அப்ப எங்கட வீடு மாதிரி. வாப்பா இல்லாத நேரம் ஆம்பிளை ஆரும் வந்தா படலைக்கு வெளிய நிண்டு ஸலாம் சொல்லுவாங்க. உம்மா வெளிய வர மாட்டா. திரைக்குப் பின்னால நிக்கிற நான் குசினிக்கு ஓடுவேன். ‘உம்மா, ஆக்கள் வந்திருக்கு’ எண்டா தேத்தண்ணி வரும். வந்தவர் குசினியக் கண்டதே இல்ல. ஆனா அவர் வந்ததாலதான் அந்தத் தேத்தண்ணி.”

பல்கலைக்கழகத்தில் இதை எனக்குப் படிப்பித்தவர் அம்புக்குறிகள் நிறைந்த ஒரு படத்தைச் சுவரில் காட்டினார். படத்தைப் பாடமாக்கி நான் பரீட்சையில் சித்தியும் பெற்றேன். ஆனால் அது எனக்கு உண்மையில் விளங்கியது அன்றைக்குத்தான், செத்த மீனின் தலையோடு நின்றபோது.

ரம்ஸியா சொன்னது அத்தனையும் சரி. திரைக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பிள்ளைக்கு ஜி புரதம் என்று பெயர். கதவில் ஹோர்மோன் தொட்டதும் அது துண்டாகப் பிரிந்து சுவரோரமாக ஓடும். அது போய்ச் சொன்னதும் கலத்துக்குள் பூட்டி வைத்திருந்த கல்சியம் ஒரே வீச்சில் பரவும். முட்டைக்கான ஹோர்மோன் ஏற்கெனவே நுண்ணிய பைகளில் நிரப்பப்பட்டு ஓரமாக அடுக்கி இருக்கும். கல்சியம் வந்த உடனே அந்தப் பைகள் சுவரோடு ஒட்டி, வாய் திறந்து, இரத்தத்துக்குள் கொட்டும். தொட்டதிலிருந்து கொட்டுவது வரை சில விநாடிகள். இதெல்லாம் கடுகளவு பொட்டுக்குள், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கலங்களில்.

“அப்ப ஏன் எங்கட தேத்தண்ணி வரல்ல?” ரம்ஸியா தொட்டியைக் காட்டினாள்.

“அதே வீட்டுக்கு இன்னொரு ஆளும் வந்து நிக்கிறார். டோபமின் எண்டு பேர். அவருக்கு வேற கதவு, பின்னால வேற பிள்ளை. அவர் தட்டினா அந்தப் பிள்ளை ஓடிப்போய் ‘இப்ப வேணாம் உம்மா’ எண்டு சொல்லும்.”

“ரெண்டு பிள்ளையும் ஒண்டா ஓடினா?”

“மடவையில ‘வேணாம்’தான் வெல்லும். கடலுக்குப் போற நேரம் அந்த ஆள் தானா விலகிடுவார். எப்படி எண்டு எனக்குத் தெரியாது. ஆருக்கும் முழுசாத் தெரியாது. தொட்டியில விலக மாட்டார். அவர்ட கதவை நாங்கதான் அடைக்கணும். அதுக்கு ஒரு மருந்து இருக்கு.”

கொழும்பிலிருந்து அந்த மருந்தை எடுப்பிக்கக் கடிதம் எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை, வேலை முடியும் நேரம், இப்ஹாம் மோட்டார் சைக்கிளில் வந்தார். எப்போதும் படலைக்கு வெளியே நின்று ஹோர்ன் அடிப்பவர் அன்று உள்ளே வந்து, ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பை ஆய்வறை மேசையில் வைத்தார். உப்பு வெயிலில் கறுத்த முகம். அதில் வெட்கம் அப்படியே தெரிந்தது.

“மிஸ், பீற்றர் நானா, எல்லாரும் எடுங்க. எங்களுக்காக துஆ செய்யுங்க.”

ரம்ஸியா வாளியைக் கழுவுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பீற்றர் அண்ணனுக்கு உடனே விளங்கிவிட்டது. “ஆஹா! அதுதான் இந்தப் பொம்பிள ஒரு மாசமா தொட்டியோட கதைச்சுக்கொண்டு திரியிறா! தலவிலக் கோயில் அன்னம்மாளுக்கு நானும் ஒரு மெழுகுதிரி வைக்கிறன். அவ ஆள் பாக்க மாட்டா, வேதம் பாக்க மாட்டா.”

“வைங்க நானா. ஆர் கேட்டாலும் குடுக்கிறவன் ஒருத்தன்தானே” என்றார் இப்ஹாம்.

நான்கு வருடம். மருமகள் பிள்ளைத்தாய்ச்சி என்று அவருடைய உம்மா ஊருக்கே சொல்லிவிட்டாராம். ரம்ஸியாவைப் பாரம் தூக்க விடுவதில்லையாம். நான் இரண்டு துண்டு மஸ்கட் தின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொழும்பு மருந்து வரவில்லை. நத்தார் நெருங்கியது, பருவம் நழுவிக்கொண்டிருந்தது. அதே மருந்து குளிசையாக எல்லாப் பார்மஸியிலும் கிடைக்கும். மனிதருக்குச் சத்திக்குக் கொடுப்பது. டொம்பெரிடோன் என்று காகிதத்தில் எழுதி பீற்றர் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் பாலாவிச் சந்தியில் வாங்கி வந்தார். அது தண்ணீரில் கரையாது. சின்னப் பீங்கான் உரலில் மாவாக அரைத்து, ஒரு வழவழப்பான மருந்துத் திரவத்தில் கலக்க வேண்டும். பீற்றர் அண்ணன் வெளியே கராம்பு எண்ணெய் விட்ட தண்ணீரில் மீனை மயங்க வைத்துக்கொண்டிருந்தார். நான் குளிசைகளை உரித்து உரலில் போட, ரம்ஸியா பதிவுப் புத்தகத்தோடு வந்தாள்.

“மிஸ், இது என்ட குளிசை.”

விளையாட்டாகத்தான் சொன்னாள்.

“என்ன?”

“சத்திக் குளிசை. இந்தா பாருங்க.” கைப்பையிலிருந்து அதே அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். நான்கு குழிகள் காலியாக இருந்தன. “ஒரு மீனுக்கு எத்தனை போடுவீங்க?”

“கிட்டத்தட்ட ஒண்டு.”

“அல்லாஹ்! மீனுக்கு ஒண்டு, எனக்கு மூணு.” வாயைப் பொத்திச் சிரித்தாள். “காலையில ஒண்டு, பகல் ஒண்டு, மஃரிபுக்குப் பிறகு ஒண்டு. மணம் வீட்டுக்கும் கூடவே வருது மிஸ்.”

நான் அரைப்பதை நிறுத்திவிட்டேன்.

மாசியிலிருந்து மார்கழி வரை, நாளுக்கு மூன்று. அவள் தலைக்குள், மூக்குக்கு நேர் பின்னால், கடலையளவு பொட்டில், டோபமின் தட்டுகிற கதவுகள் எல்லாம் பத்து மாதமாக அடைபட்டிருக்கின்றன. மீனில் அந்தக் கதவு முட்டைக்கான ஹோர்மோனைச் சுரக்கும் கலத்தில் இருக்கிறது. மனிதரில் எந்தக் கலத்தில் இருக்கிறது? எப்போதோ படித்தது. நினைவு வந்தது.

“ரம்ஸியா, டொக்டர்ட்டப் போனியா?”

“இன்னும் இல்ல. நாலாம் மாசம் முடியட்டும் எண்டு மாமி சொன்னா.”

“டெஸ்ட் செய்து பாத்தியா?”

அவள் பதிவுப் புத்தகத்தை மூடினாள். எழுந்து போய் ஆய்வறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“ரெண்டு தரம். ரெண்டு தரமும் ஒரு கோடுதான்.”

“இப்ஹாமுக்குத் தெரியுமா?”

“இல்ல. முதல்ல நானும் நம்பல்ல மிஸ். மாசக்குளிப்பு நிண்டு மூணு மாசம் ஆரிட்டயும் சொல்லல்ல. பிறகு…” குரல் இறங்கியது. “பிறகு நெஞ்சில பால் வந்தது. சட்டை நனைஞ்சிட்டு. அண்டைக்குத்தான் அவருக்குச் சொன்னேன். டெஸ்ட் பொய் சொல்லும். பால் பொய் சொல்லுமா மிஸ்?”

நான் அந்த அட்டையைக் கையில் எடுத்தேன்.

“பால் பொய் சொல்லல்ல” என்றேன். “அது உண்மையான பால். அதுக்குக் கட்டளை வந்திருக்கு, அது வந்திருக்கு. கட்டளை வந்தது பிள்ளையால இல்ல எண்டு நான் பயப்படுறேன்.”

உரலுக்குள் கிடந்த வெள்ளை மாவை அவள் பார்த்தாள். புத்திசாலி, நான் முழுவதையும் சொல்லத் தேவைப்படவில்லை.

“பிள்ள இல்லையா?”

“நான் மீன் படிச்சவள். டொக்டர்தான் சொல்லணும்.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க எண்டுதான் கேக்கிறேன்.”

“இல்ல எண்டுதான் நினைக்கிறேன். ஆனா உனக்கு நோயும் இல்லாம இருக்கலாம், ரம்ஸியா. இந்தக் குளிசையாத்தான் இருக்கணும். நாளைக்கே போ. இந்த அட்டையையும் கொண்டுபோய்க் காட்டு. டொக்டர் சொல்றதைக் கேள்.”

“மிஸ்! மீன் மயங்கிட்டு!” வெளியிலிருந்து பீற்றர் அண்ணன் கத்தினார். “கெதியா வாங்க!”

மயங்கிய மீனை அதிக நேரம் வைத்திருக்க முடியாது. ரம்ஸியா முக்காட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, நான் எதிர்பார்க்கவில்லை, வழக்கம் போல ஈரத் துணியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே போனாள். மீனின் கண்ணைத் துணியால் மூடித் தலையைப் பிடித்தாள். முதுகுச் செதிலுக்கு அடியில் நான் ஊசியை இறக்கும்போது அவள் பிஸ்மில்லாஹ் சொன்னது கேட்டது. அவள் கண்ணீர் விழுந்தது. மீன் ஏற்கெனவே நனைந்துதான் இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. இரண்டாவது ஊசியை நானும் பீற்றர் அண்ணனும் போட்டோம்.

அதற்கடுத்த நாள் காலை ஆறு மணிக்கு, தொட்டியின் நீர் வழியும் வாயில் கட்டிய வலைப்பை கனத்துத் தொங்கியது. பீற்றர் அண்ணன் அதற்குள் கையை விட்டு எடுத்தார். ஜவ்வரிசி வேகும்போது தெளிவது போல, அதைவிடச் சிறிதாக, கண்ணாடி மாதிரி முட்டைகள். அவர் விரலிடுக்கால் வழிந்தன.

“நாப்பது வருஷம் மடவை பிடிச்சிருக்கிறன் மிஸ்” என்றார் மெதுவாக. “வயித்தைக் கிழிச்சு முட்டை எடுத்திருக்கிறன், பொரிச்சுத் திண்டிருக்கிறன். அது விட்ட முட்டையைக் கண்டது இண்டைக்குத்தான்.”

ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. ரம்ஸியா இறங்கி நேரே தொட்டியடிக்குப் போய் நின்றாள். இப்ஹாம் ஆய்வறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இரவு தூங்காத கண்கள்.

“மிஸ், நேத்துப் புத்தளத்தில லேடி டொக்டரிட்டப் போனோம். ஸ்கேன்ல ஒண்டும் இல்ல. குளிசையால எண்டு சொன்னாங்க, நிப்பாட்டச் சொன்னாங்க, இரத்தமும் எடுத்தாங்க. நிறையப் பேர் காத்துக்கொண்டு இருந்தாங்க, அவங்களுக்கு விளக்கமாச் சொல்ல நேரமில்ல.” கதிரையில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. “எங்கட உம்மா, இவள் பொய் சொல்லிட்டாள் எண்டு நிக்கிறா. இல்லாத பிள்ளைக்குப் பால் எப்படி வரும், நாடகம் எண்டு. நான் நம்புறேன் மிஸ், ஆனா எனக்கு விளங்கல்ல. விளங்கினாத்தானே உம்மாட்டச் சொல்லலாம்.”

இதற்கு முன் பலருக்குப் பல விஷயங்களை விளக்கியிருக்கிறேன். விளங்காவிட்டால் ஒரு பெண் பொய்க்காரி ஆகிவிடுவாள் என்ற நிலையில் எதையும் விளக்கியதில்லை. உப்பளத்து மனிதருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன்.

“நானா, உங்கட உப்பளத்தில மடைக்குக் காவல் நிக்கிறது எதுக்கு?”

“தண்ணி தன்ர பாட்டில ஓடாம இருக்க. காவல் இல்லாட்டி திறந்து போயிடும்.”

“சரி. தலைக்குள்ள இருக்கிற அந்தப் பொட்டில ரெண்டு மடை இருக்கு எண்டு வைங்க. ஒண்டு முட்டை மடை, மற்றது பால் மடை. டோபமின் எண்டது காவல்காரன். மீனில அந்தக் காவல்காரன் நிக்கிறது முட்டை மடையில. இந்தக் குளிசை காவல்காரனை அப்புறப்படுத்தும். அதாலதான் இண்டைக்குக் காலையில மீன் முட்டை விட்டது.”

“சரி.”

“மனுசரில அதே காவல்காரன் இடம் மாறி நிக்கிறான். பால் மடையில. ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும் எந்த நேரமும் அவன் அங்க நிண்டு, பால் ஹோர்மோனைப் பிடிச்சு வைச்சிருக்கிறான். அவனை அப்புறப்படுத்தினா…”

“பால் மடை திறக்கும்.” அவர் உட்கார்ந்துவிட்டார். “பிள்ள இல்லாட்டியும்?”

“பிள்ளை இல்லாட்டியும். கொஞ்சப் பேருக்கு அப்படி ஆகும், எல்லாருக்கும் இல்ல. இனி இதைக் கேளுங்க. பால் ஹோர்மோன் கூடினா மூளை என்ன நினைக்கும்? மடியில பிள்ளை குடிச்சுக்கொண்டு இருக்கு எண்டு நினைக்கும். குடிக்கிற பிள்ளை இருக்கிற நேரம் இன்னொண்டு உடனே வேணாம் எண்டு முட்டை மடைக்குப் போற கட்டளையைக் குறைக்கும். முட்டை முத்தாது. மாசம் வராது. ரம்ஸியாட உடம்பு பொய் சொல்லல்ல நானா. அது தனக்கு ஒரு பிள்ளை இருக்கு எண்டு நம்பி, அந்தப் பிள்ளையைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கு.”

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பாடம் ஒப்புவிப்பது போல, மெதுவாகச் சொன்னார்: “ஒரே காவல்காரன். மீனுக்கு முட்டை மடை, மனுசிக்குப் பால் மடை. ஒரே குளிசை. முட்டை மடையை அங்க திறந்தது, இங்க பூட்டினது.”

“அவ்வளவுதான்.”

“ஆர் மிஸ் அந்தக் காவல்காரனை இடம் மாத்தினது?”

மீனின் வழியும் எங்கள் வழியும் பிரிந்து நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது என்று படித்திருக்கிறேன். அத்தனை காலத்திலும் அந்தக் கதவு மாறவில்லை. திரைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையும் மாறவில்லை. பாலாவிச் சந்தியில் வாங்கிய குளிசை, மடவையின் கதவையும் ரம்ஸியாவின் கதவையும் ஒன்றாகவே அடையாளம் கண்டது. எந்த அறைக்கு எந்தக் கதவு என்பது மட்டும்தான் வேறு.

“வாங்க, ஒண்டு காட்டுறேன்” என்றேன்.

முட்டைகளில் சிலவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். ரம்ஸியாவையும் கூப்பிட்டேன். இப்ஹாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். கண்ணாடி உருண்டைக்குள் ஒரு துளி எண்ணெய். அதன் மறுபக்கத்தில், உருட்டி வைத்த மாவைப் போல எட்டுச் சின்னக் கலங்கள்.

“எண்ணுங்க. கண்ணை எடுக்காமப் பாருங்க.”

“எட்டு.” உப்பளத்துக்கு நேரமாகிவிட்டது; அவர் அசையவில்லை. திடீரென்று அவருடைய கை பின்னால் நீண்டு ரம்ஸியாவின் முழங்கையைப் பிடித்தது. “சுப்ஹானல்லாஹ். ரம்ஸியா, வந்து பார். பிளக்குது. தானாப் பிளக்குது.”

அவள் குனிந்தாள். எட்டு பதினாறாகும் வரை இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“எங்களுக்கும் இப்படித்தானா மிஸ்?” என்று கேட்டாள், கண்ணை எடுக்காமலே.

“எங்களுக்கும் இப்படித்தான். கொஞ்சம் மெதுவா.”

இப்ஹாமின் உம்மாவுக்கு என்ன சொல்லப்பட்டது, அவர் நம்பினாரா என்பது எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் ரம்ஸியாவின் சோற்றுப் பெட்டியில் மாமி சமைத்த இறால் கறி வந்தது. அதை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

இரத்தப் பரிசோதனையில் பால் ஹோர்மோன், இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டியது, நூற்றுப் பத்து இருந்தது. குளிசையை நிறுத்தி ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார் வைத்தியர். அப்போதும் இறங்காவிட்டால் தலையைப் படம் எடுக்க வேண்டும். அந்தப் பொட்டிலேயே கட்டி ஏதும் இருக்கலாம். இதை ரம்ஸியா எனக்குச் சொன்னபோது அந்தக் கடலையளவு பொட்டைத் தொடப் பார்ப்பவள் போல நெற்றியில் விரலை வைத்திருந்தாள்.

குளிசை இல்லாமல் தீனி அரைக்க அவளால் முடியவில்லை. “நீ எழுது, நான் அரைக்கிறன்” என்று பீற்றர் அண்ணன் வாளியைப் பறித்துக்கொண்டார். காரணம் அவருக்குச் சொல்லவில்லை; மணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் தெரியும். “எனக்கு இது மணமில்ல, செண்ட். கல்யாணத்துக்கும் இதோடதான் போனன்.”

முட்டைகளில் பாதிக்கு மேல் பொரித்தன. பொரித்ததில் பெரும்பகுதி முதல் இரண்டு வாரத்தில் செத்தது. மிஞ்சிய சில ஆயிரம் கண் இமை மயிரைப் போலத் தண்ணீரில் துடித்தன. ரம்ஸியா தினமும் அவற்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அள்ளி எண்ணிப் பதிவு செய்தாள். நான் அவளுக்குத் தெரியாமல் வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தேன். தைப்பொங்கல் போனது. ஒவ்வொரு நாளும் ளுஹருக்கு உறைபெட்டியின் மேலிருந்து தொழுகைப் பாய் இறங்கியது, விரிந்தது, மடிந்து திரும்ப ஏறியது. மூன்றாம் வாரம் பால் வற்றிவிட்டது என்றாள். ஆறாம் வாரம் இரத்தத்தில் பதினெட்டு. கட்டி இல்லை, படம் தேவையில்லை. காவல்காரன் திரும்ப வந்து மடையில் நின்றுவிட்டான்.

ஆனால் பாய் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. முட்டை மடைக்குப் போகும் கட்டளை ஒரே ஒரு தட்டாக வருவதில்லை. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒன்று, ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்று என்று விட்டுவிட்டு, சரியான இடைவெளியில் வர வேண்டும். ஓயாமல் தட்டினாலும் கலம் கதவுகளை உள்ளே இழுத்துக்கொண்டு காது கேளாதது போல இருந்துவிடும். குலைந்துபோன அந்தத் தாளம் மறுபடி பிடிபட எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பொறுமையாக இரு என்று மட்டும் சொன்னேன்.

மாசி முடிகிற ஒரு செவ்வாய்க்கிழமை, பம்பு மறுபடி நின்றுவிட்டது. அதோடு மல்லுக்கட்டிவிட்டு நான் உள்ளே வந்தபோது பகல் ஒரு மணி. கை துடைக்கத் துணி தேடினேன். உறைபெட்டியின் மேல் பாய் மடித்தபடி இருந்தது. பக்கத்தில், ளுஹர் நேரத்தில், ரம்ஸியா கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு பாணும் பருப்பும் தின்றுகொண்டிருந்தாள்.

நான் பாயைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“ஓம் மிஸ்” என்றாள், வாய் நிறையப் பாணோடு. “இண்டைக்கு எனக்குத் தொழுகை லீவு.”

பிறகு பாணைக் கீழே வைத்துவிட்டு அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக. “நாலு வருஷம் இது வந்தா அழுதிருக்கேன். இதுக்காக ரெண்டு மாசமா துஆக் கேட்டேன் எண்டு சொன்னா ஆரும் நம்புவாங்களா?”

“வீட்ட தெரியுமா?”

“நான் ஒண்டும் சொல்லல்ல. விடியச் சுபஹுத் தொழுகைக்கு நான் எழும்பல்ல. அவர் தொழுதிட்டுத் திரும்பிப் பாத்தார். கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டே நிண்டார். ஒரு வார்த்தை கேக்கல்ல மிஸ். குசினிக்குள்ள போனார்.” முக்காட்டுத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “தேத்தண்ணி வந்தது.”